இன்ஜின் மாத்துன அண்ணன்

சூலூர், பல்லடம், அன்னூர், கிணத்துக்கடவு என்று கொங்கு நாட்டில் எந்தத் திக்கில் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்துக் களத்தில் இவரைப் பார்க்கலாம். முழுசாகப் பார்க்க முடியாது. இரண்டு பாதங்கள் தெரியும். மீதி உடம்பு, தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு மகிந்திரா பிக்கப்புக்கு அடியில் கிடக்கும். "அண்ணா, இருக்கறீங்ளா?" என்று கேட்டால் பாதங்கள் பதில் சொல்லும்: "வாங்க, வாங்க. அந்தப் பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனரை இக்கட்டத் தள்ளி உடுங்க." வந்தவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாரா, கடன் கேட்க வந்தாரா என்பதெல்லாம் பிற்பாடு.

அந்த வண்டியை விற்கச் சொல்லாத ஒறம்பரை கிடையாது. "வித்தா என்னுங்க வரும்? இரும்பு வெலைக்குக் கேப்பான். எங்கய்யன் எடுத்த வண்டிங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. ஐயன் எடுத்தபோது அதில் இருந்தது பிரான்சு தேசத்துப் பியூஜோ வடிவமைத்த 2,112 சிசி டீசல் இன்ஜின். மார்கழிக் காலையில் ஹீட்டர் போட்டு, காத்திருந்து, மருதமலையானை ஒருமுறை நினைத்துவிட்டுத்தான் செல்ப் அடிக்க வேண்டும். அது நீலப் புகை கக்க ஆரம்பித்ததும் அண்ணன் உக்கடத்துப் பழைய சாமான் கடைக்குப் போய், உடைத்த வண்டியொன்றின் 2,523 சிசி டிஐ இன்ஜினைக் காதலோடு தடவிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கணக்கு எளிது. புது பிக்கப் என்றால் மாசாமாசம் தவணை. இன்ஜின் மாற்றினால் ஒரே செலவு. அந்த ஒரே செலவில் லேத் கூலி சேராது, ஏனென்றால் லேத் மச்சினனுடையது. கிளட்ச் பிளேட் சேராது, அது எப்படியும் மாற்ற வேண்டியது. ரேடியேட்டர் சேராது, மவுண்டு ரப்பர் சேராது, வண்டி கட்டையில் நின்ற காலத்தில் தேங்காய் ஏற்ற வெளி வண்டிக்குக் கொடுத்த வாடகை சேரவே சேராது. "எல்லாஞ் சேத்தி எவ்வளவு ஆச்சுங்ணா?" என்று யாராவது கேட்டால் அண்ணன் வானத்தைப் பார்ப்பார். "இந்த வருசம் மழை எப்படீங்க உங்க பக்கம்?"

இந்தத் துணிச்சல் மண்ணில் இருக்கிறது. சூலூர்ப் பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் ஓட்டல் வேலை செய்து காசு சேர்த்து, அதையே வாங்கிப் பிரித்துப் பூட்டியவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ் விட்டார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார். அவர் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகம் அவினாசி ரோட்டில் 2015 முதல் இருக்கிறது. அண்ணன் அங்கே போனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே ஒவ்வொரு காருக்கும் அடியில் குனிந்து பார்ப்பார். வித்தியாசம் ஒன்றுதான். நாயுடு பிரித்தது எல்லாம் திரும்ப உள்ளே போயிருக்கும். அண்ணன் பூட்டி முடித்தால் பிஸ்கட் டப்பாவில் கொஞ்சம் மிஞ்சும்: நாலு போல்ட், ஒரு கிளாம்ப், செம்புக் கம்பியில் பின்னிய ஒரு பட்டை. "அதெல்லாங் கம்பெனிக்காரன் எச்சாப் போட்டதுங்க."

புது இன்ஜினைப் பூட்டி முடித்ததும் நல்ல நாள் பார்த்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வீட்டுக்காரம்மாவைச் சீட்டில் உட்கார வைத்து, "செல்ப் அடி, அம்முணி!" என்றார் அண்ணன். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்கு மங்கி, மறுபடி பிரகாசமாயிற்று.

வண்டி எடுக்கவில்லை என்ற சேதி எப்படிப் பரவுகிறதோ, அரைமணி நேரத்தில் களம் நிறைந்துவிடும். வேறு ஊரானால் வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே வருகிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தொழிலில் கை கறுத்தவர். ஒவ்வொருவர் கண்ணுக்கும் அவரவர் தொழிலின் கோளாறு மட்டுமே தெரியும். முதலில் பம்பு செட் கம்பெனிக்காரர். "ஏர் புடிக்குதுங்க" என்று பேன்ஜோ போல்ட்டைத் தளர்த்தி, கைப் பம்பை அடிஅடியென்று அடித்து, டீசலில் குமிழி வருவதைக் காட்டினார். குமிழி வந்தது உண்மை. ஆனால் இன்ஜின் சுற்றினால்தானே அந்தக் குமிழியால் கெடுதல்? இது சுற்றவே இல்லை. அதைச் சொன்னவரை, "எதா இருந்தாலும் ஏர் எடுக்கறது நல்லதுங்க" என்று அடக்கிவிட்டார். லேத் மச்சினன், "அலைன்மென்ட் போச்சு மாமா, கிராங்க் டைட்டு" என்றார். அலைன்மென்ட் பார்த்ததே அவர்தான் என்பதை யாரும் நினைவூட்டவில்லை. கோழிப்பண்ணைக்காரர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இன்ஜினுக்குக் காத்தோட்டம் பத்தாதுங்ணா" என்று முடித்தார்.

மோட்டார் காயில் கட்டுகிறவர் வந்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. "செல்ப் மோட்டார் ஆர்மேச்சர் போச்சு." கழற்றித் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து நேரே இரண்டு கேபிள் கொடுத்தார். மோட்டார் துள்ளிக்கொண்டு சுற்றியது. பூட்டினார்கள். டொக். மறுபடி கழற்றினார்கள். சுற்றியது. பூட்டினார்கள். டொக். தரையில் இருந்தால் சுற்றுகிறது, வண்டியில் ஏறினால் மாட்டேனென்கிறது. காத்தோட்டக்காரர் இதை ஒரு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் சீட்டில் இருந்த அம்முணி சொல்லிக்கொண்டேதான் இருந்தார். "ஏனுங்க, இந்த ஸ்டாப் குமிழு நெருப்பாச் சுடுதுங்க."

"நீ சாவியை மட்டும் பாரு."

"கேபிள்ல பொகை வருதுங்க."

"பொகைதான் வரோணும், வண்டின்னா பொகை வரும்."

ஒரு வண்டியின் வயிற்றுவலியை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டின் மேல். கியர் பாக்ஸும் அப்படியே. பேட்டரியின் நெகடிவ் போய்ச் சேருவது சேஸிசுக்கு. ஆகவே இன்ஜினையும் சேஸிசையும் இணைக்க ஒரு தடித்த எர்த் பட்டை வேண்டும். அது இல்லாவிட்டால், செல்ப் மோட்டார் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப் போக வழி தேடும். கிடைப்பது டேஷ்போர்டிலிருந்து டீசல் பம்புக்குப் போகிற ஸ்டாப்பர் கேபிள். அந்த மெல்லிய கம்பி அவ்வளவு கரண்டைத் தாங்குமா? அடுப்புக் கம்பிபோலப் பழுக்கிறது. தரையில் வைத்தபோது நெகடிவ் கேபிளை மோட்டார் உடம்பிலேயே வைத்தார்கள், அதனால்தான் சுற்றியது. பேட்டரி நெகடிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் கேபிள் பிடித்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். ஆனால் மீட்டர் வைத்தோ கேபிள் வைத்தோ பார்ப்பது அண்ணன் வகையறாவுக்குக் கௌரவக் குறைச்சல். காதில் கேட்டு, மூக்கில் முகர்ந்து, நெற்றியைச் சுருக்கித்தான் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்கிற நேரம் காயில்காரர் தற்செயலாக அந்தக் குமிழைத் தொட்டார். கையை உதறினார். "அட, எர்த் இல்லீங்க!" என்று கூவினார். அவர் கண்டுபிடிப்பை ஊரே மெச்சியது. "தொழில்காரன் தொழில்காரந்தானுங்க" என்றார் அண்ணன். அம்முணி இறங்கிப்போய் டீ போட்டார். காயில்காரருக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருந்ததாகக் கேள்வி. பிஸ்கட் டப்பாவிலிருந்து செம்புப் பட்டை எடுக்கப்பட்டபோது யாரும் கம்பெனிக்காரனைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி எடுத்ததும் அடுத்த சபை கூடிற்று. கறுப்புப் புகை என்றால் டீசல் எச்சா, வெள்ளை என்றால் டைமிங் பின்னால், நீலம் என்றால் ஆயில். பாடம் எல்லாருக்கும் தெரியும். வருகிற புகை என்ன நிறம் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. டெம்பரேச்சர் மீட்டர் முள் 'H'-ல் போய் நின்றது. ரேடியேட்டரோ கை வைக்கும் சூட்டில் இருந்தது. புது இன்ஜினின் சென்சாருக்கும் பழைய மீட்டருக்கும் பொருத்தமில்லை, அவ்வளவுதான். அண்ணன் முள்ளின் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

மிச்சமிருந்தது எஃப்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜின் மாற்ற அனுமதி வேண்டும், ஆர்சியில் புது நம்பர் ஏற வேண்டும். 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அண்ணன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒழுங்கு. கடைப் பில், அனுமதிக் கடிதம், நம்பர் தேய்த்தெடுத்த பென்சில் காகிதம் எல்லாம் மஞ்சள் பையில் தயார். பிரேக் இன்ஸ்பெக்டர் கடுகடுவென்று வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். நம்பரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், எல்லாம் சரி. போய்விடலாம். போகவில்லை. தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார். அவரும் இந்த ஊர்தானே.

"ஏனுங்க, டேப்பெட் சத்தம் கொஞ்சம் எச்சா இருக்குதுங்ளே?"

அண்ணன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "ஃபீலர் கேஜ் சீட்டுக்கு அடியிலயே வெச்சிருக்கறனுங்க சார்."