ஓய்வுபெற்றவருக்கு லீவு கிடையாது

அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி நிற்கும். அதன் வாலில் ஒரு சின்னக் கார் கோத்திருக்கும். ஓட்டி வந்தவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். அவரிடம் போய் “எந்த ஊர்?” என்று கேட்டுப் பாருங்கள். நம்பர் பிளேட் தெற்கு டகோட்டா என்று சொல்லும். அந்த மாநிலத்தில் அவர் தங்கியது ஒரே ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரிக்கு ரசீதும், தபால் வாங்கி வைக்க ஒரு முகவரியும் இருந்தால் இப்படிப்பட்ட சஞ்சாரிகளுக்கு அங்கே டிரைவிங் லைசென்ஸ் கொடுத்துவிடுவார்கள். மாநில வருமான வரியும் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, லைசென்ஸைப் புதுப்பிக்க மட்டும் ‘சொந்த ஊருக்கு’ப் போய் வருவார். குலதெய்வக் கோயிலுக்கே நாம் அதைவிட அடிக்கடி போகிறோம்.

வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியிலேயே குடியிருக்கிறார். ஏன் விற்றீர்கள் என்றால் பட்டியல் தயாராக இருக்கும்: புல் வெட்டணும், கூரை ஒழுகும், சொத்து வரி, குளிர்காலத்தில் பனி அள்ளணும். “போதும்பா. இனிமே நான் சுதந்திரப் பறவை” என்பார். பறவையின் சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் எட்டிப் பார்க்கும். அதில் வெற்றுக் கட்டம் ஒன்றுகூட இருக்காது.

கோடை முழுக்கத் தேசியக் காட்டு முகாம் ஒன்றில் ‘கேம்ப் ஹோஸ்ட்’. காட்டுக்குள் ஓர் அரசாங்க உத்தியோகம் என்ற தோரணையில் சொல்வார்; பெரும்பாலும் சம்பளம் தருவது அரசாங்கத்திடம் குத்தகை எடுத்த கம்பெனி. வேலை என்ன? கழிப்பறை கழுவுவது, யாரோ அணைக்காமல் போன நெருப்பில் தண்ணீர் ஊற்றுவது, ராத்திரி பத்து மணிக்குமேல் கிதார் வாசிக்கும் இளைஞர்களிடம் கெஞ்சுவது. வண்டி நிறுத்த இடம் இலவசம், அதற்கு மேல் கொஞ்சம் கூலி. முப்பது வருஷம் மேனேஜராக இருந்தவர் கையில் பிரஷ்ஷோடு நிற்பார். முகத்தில் துளி வருத்தம் இருக்காது. “மலைக் காற்று” என்பார். கழிப்பறைக்குள்ளிருந்துதான்.

செப்டம்பர் முடியும்போது வடக்கே ரெட் ரிவர் பள்ளத்தாக்குக்குக் கிளம்புவார். வடக்கு டகோட்டாவுக்கும் மின்னசோட்டாவுக்கும் நடுவில் இருக்கிறது அது. அங்கே சர்க்கரை கரும்பில் இல்லை, கிழங்கில். பீட்ரூட்டின் வெளுத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் பிறந்ததும் அறுவடை. இரவு பகலாக லாரி லாரியாகக் கிழங்கு வந்து இறங்கும். யந்திரம் மண்ணை உதறிவிட்டு மலையாகக் குவிக்கும். நம்மவர் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் லாரிக்குக் கை காட்டுவார், சர்க்கரைச் சத்து பார்க்கச் சாம்பிள் பிடிப்பார், உருண்டு ஓடின கிழங்கை மண்வெட்டியால் அள்ளுவார். இந்தக் கிழங்கு மலை குளிர்காலம் முழுக்க வெட்ட வெளியில் உறைந்து கிடக்க, ஆலை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துக்கொள்ளும். அதனால் கிழங்கு சூடாக இருக்கும்போது குவித்தால் உள்ளே அழுகிவிடும். வெயில் ஏறினால் வேலையை நிறுத்திவிடுவார்கள். மழை பெய்து வயல் சேறானாலும் அப்படித்தான். குளிர் தாங்கவில்லை என்று வருஷா வருஷம் தெற்கே ஓடுகிற மனுஷர், இந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் “ஆண்டவா, இன்னும் கொஞ்சம் குளிரட்டும்” என்று வேண்டிக்கொண்டிருப்பார்.

பிறகு கிறிஸ்துமஸ் மரம் விற்பார். முன்பெல்லாம் அமேசான் கிடங்குக்குப் போவார். ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்று இவர்களுக்காகவே 2008 முதல் ஒரு திட்டம் நடத்தினார்கள், இப்போது நிறுத்திவிட்டார்கள். அந்த ராஜ்யம் போனதைப் பற்றி அவர் பேசினால் அரை மணி நேரம் நகர முடியாது.

பேச்சு எங்கே தொடங்கினாலும் போய்ச் சேரும் இடம் தொட்டி. வண்டிக்கு அடியில் மூன்று: நல்ல தண்ணீர், குளித்துக் கழுவின சாம்பல் தண்ணீர், அப்புறம் கறுப்புத் தண்ணீர். அந்தக் கடைசித் தொட்டியை விவரிக்க மாட்டேன். அவர் விவரிப்பார், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. கறுப்பை முதலில் திறக்கணும், சாம்பலைப் பிறகு திறந்தால் அதே குழாய் கழுவின மாதிரியும் ஆச்சு. இது அவருடைய வேதம். புதிதாகப் பக்கத்தில் வந்து நிற்பவரிடம் பேர்கூடக் கேட்க மாட்டார். வண்டி எத்தனை அடி, தொட்டி எத்தனை கேலன், முப்பது ஆம்பியரா ஐம்பதா, அவ்வளவுதான். ஜாதகம் பொருந்திவிட்டால் சாயங்காலமே இரண்டு குடும்பமும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும்.

தாம்பத்தியத்துக்குச் சோதனை வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது. அம்மணி பின்னால் நின்று கை காட்டுவார். அவர் கண்ணாடியில் பார்த்து, தனக்குத் தோன்றியபடி ஒடிப்பார். அக்கம்பக்கத்து முகாம்காரர்கள் காபியோடு வெளியே வந்து நிற்பார்கள். டி.வி.யைவிட இது தெளிவாகத் தெரியும்.

பென்ஷன் போதவில்லையா என்று மட்டும் கேட்கக் கூடாது. 2008-ல் வீட்டு விலையும் சேமிப்பும் சேர்ந்து சரிந்த பிறகு சக்கரத்தின் மேல் ஏறினவர்கள் ஏராளம். பத்திரிகையாளர் ஜெசிகா ப்ரூடர் இவர்களைப் பற்றி 2017-ல் புத்தகம் எழுதினார். அதை வைத்து எடுத்த ‘நோமட்லேண்ட்’ படம் 2021-ல் ஆஸ்கர் வாங்கியது. நம்மவரும் படம் பார்த்தார். கதாநாயகி வேனில் வாளியை வைத்துச் சமாளிப்பதைக் கண்டதும், “அவங்க வேன்காரங்க. நாம வேற” என்று அம்மணியிடம் சொல்லிவிட்டார்.

ஜனவரியில் அரிசோனா பாலைவனத்துக் குவார்ட்சைட். அரசு நிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை நிறுத்திக்கொள்ள ஒரே ஒரு கட்டணம். வண்டி நிற்கிற இடத்தில் குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வண்டிகள். இங்கேதான் அவர் உண்மையாகவே ஓய்வெடுக்கிறார் என்று நினைப்பீர்கள். ஆனால் பிப்ரவரியில் கோடைக்கால வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டில் ஏறி நின்று, செல்போனைக் காதில் அழுத்தி, இருபத்திரண்டு வயது அதிகாரிக்கு “யெஸ் சார்” சொல்லிக்கொண்டிருப்பார்.

கீழே நாற்காலியிலிருந்து அம்மணி கத்துவார்: “கழிப்பறை எத்தனைன்னு முதல்ல கேளு!”