அகம்: 110 சதுர அடி

அகத்திணையில் வருகிறவர்களுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. படுக்கையறையைவிட அகமான இடம் வேறு ஏது? ஆகவே மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் ஃபிளாட் வாங்கிய இந்தத் தம்பதியைத் தலைவன், தலைவி என்றே வைத்துக்கொள்வோம். தலைவனுக்கு லேசான முதுகுவலி. தலைவிக்கு லேசான சைனஸ். அறை பத்துக்குப் பதினொன்று.

"ஹால் வர்றவங்களுக்கு, கிச்சன் உங்கம்மாவுக்கு. இந்த ஒரு ரூமாவது நம்ம ரெண்டு பேருக்கும் புடிச்ச மாதிரி இருக்கணும்ங்க" என்றாள் தலைவி. தலைவன் தலையாட்டினான். அவன் மனத்தில் ஓடியது ஓட்டல் அறை: வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, கண்ணில் வேறெதுவும் படாத நிம்மதி. அவள் மனத்தில் ஓடியது காரைக்குடி: தேக்குக் கட்டில், கண்டாங்கிச் சேலையில் தைத்த திரைச்சீலை, பித்தளைக் குத்துவிளக்கு. இரண்டு படமும் இரண்டு மண்டைக்குள்ளேயே ஓடியதால் அன்றைக்குச் சண்டை வரவில்லை.

முதலில் கட்டில். கிங் சைஸ் என்றால் ஆறடிக்கு ஆறரை அடி, அதாவது 39 சதுர அடி. அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போயிற்று. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பகுத்தறிவு பேசும் தலைவன்கூட "எதுக்கு வம்பு" என்று விட்டுவிட்டான். மேற்கில் பாத்ரூம் கதவு, கிழக்கில் ஜன்னல். மிச்சம் தெற்குச் சுவர்.

தெற்குச் சுவரின் மேற்கு முனைக்குக் கன்னி மூலை என்று பெயர். அங்கே நிற்க வேண்டியது பீரோ. அதுவும் தலைவியின் அப்பா சீராகக் கொடுத்த, ஆளுயரக் கண்ணாடி பதித்த, பாசிப்பச்சை இரும்பு பீரோ. கைப்பிடியைத் திருப்பினால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். வடக்குப் பார்த்துத் திறந்தால்தான் குபேரன் வருவானாம். பிளைவுட்டில் சுவரோடு சுவராக வார்ட்ரோப் அடிக்கும் கனவைத் தலைவன் அன்றோடு மறந்தான். காட்ரெஜ் கம்பெனி 1923-இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியபோது, நூறு வருஷம் கழித்தும் அந்தச் சாமானை அசைக்க ஆள் கிடைக்காது என்று நினைத்திருக்குமா, தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவர் பத்தடி. பீரோ மூன்று, கட்டில் ஆறு. கிழக்கு ஓரத்தில் மிஞ்சியது ஒரே அடி. ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிய தலைவன், தினமும் அந்தச் சந்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறான். செல்போன் சார்ஜ் போடும் பிளக்கோ வடக்குச் சுவரில். கட்டியவர் எந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பாரோ!

அடுத்தது நிறம். தலைவன் கேட்டது வெள்ளை. தலைவி கேட்டது எம்.எஸ். புளூ. காஞ்சிபுரத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு நெய்த புடவையால் பெயர் பெற்ற நீலம் அது. பெயின்ட் கடையில் ஷேட் கார்டை நீட்டியபோது, அதை ஒதுக்கிவிட்டுப் பையிலிருந்து புடவையையே எடுத்து மேஜைமேல் விரித்தாள். சங்க காலத்தில் ஊடல் தீர்க்கப் பாணன் தூது போவான். தலைவி பெரும்பாலும் வாசலிலேயே விரட்டிவிடுவாள். இங்கே அந்த வேலை பெயின்டருக்கு வந்தது. பட்டி பார்த்த கையோடு அவர் தீர்ப்புச் சொன்னார்: "சார் சொல்றதும் ரைட்டு, மேடம் சொல்றதும் ரைட்டு. தலைமாட்டுச் செவுரு ஒண்ணு மட்டும் டார்க் அடிப்போம். மத்த மூணும் ஆஃப் ஒயிட்டு."

இருவரும் ஜெயித்தார்கள். படுத்தால் நீலம் கண்ணில் படாது என்று அவனுக்கு ஆறுதல். உள்ளே நுழைந்ததும் நீலம்தான் தெரியும் என்று அவளுக்கு. வெள்ளையை விட்டு ஆஃப் ஒயிட்டுக்கு இறங்கிவந்ததைத் தலைவன் தன் தியாகக் கணக்கில் இன்றும் எழுதி வைத்திருக்கிறான்.

அந்த நிம்மதி ராத்திரி ஏழு மணிவரை. விளக்கு வாங்கும்போது இருவருமே கெல்வின் எண்ணைப் பார்க்கவில்லை. 6500 என்று போட்டிருந்தால் பகல் மாதிரி வெள்ளை. எண் குறையக் குறைய மஞ்சள் கூடும், 3000-த்தில் நன்றாகவே மஞ்சள். அவன் டியூப்லைட்டைப் போட்டால் எம்.எஸ். புளூ ஆஸ்பத்திரி நீலமாகிறது. அவள் மஞ்சள் பல்பைப் போட்டால் பாசி பிடித்த குளமாகிறது. கடையில் பார்த்த நிறம் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, பெயின்டர் போனில் சொன்னார்: "பகல்ல பாருங்க மேடம்." பகலில் இருவரும் ஆபீசில்.

மெத்தைக்கு வருவோம். முதுகுவலிக்காரனுக்குத் தேங்காய்நார் மெத்தை, கல்மாதிரி. அவளுக்கு இலவம்பஞ்சு, அதுவும் போடியிலிருந்து மாமா அனுப்பியது. இலவம்பஞ்சு சாதாரணப் பொருள் இல்லை. உள்ளே குழாய்போல் காற்று, வெளியே மெழுகுப் பூச்சு, தண்ணீர் லேசில் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்களுக்கு உயிர்காப்புச் சட்டை செய்ததே இதில்தான். "2015 டிசம்பர் ஞாபகம் இருக்கில்ல? வெள்ளம் வந்தா உங்க மெத்தை முங்கும், என்னுது மிதக்கும்" என்றாள். மடிப்பாக்கத்தில் குடியிருப்பவனால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆளுக்கு மூன்றடி வீதம் இரண்டு மெத்தை போட்டார்கள். நடுவில் விழுந்த பள்ளத்தில் இப்போது ஆறு வயது மகன் படுக்கிறான். அவனுக்கென்று தனி அறை, கார் வடிவக் கட்டிலோடு, காலியாக இருக்கிறது.

ஏ.சி.யை ஆன் செய்தால் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு 2020 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கியது. அரசு சொல்லும் 24 இந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவனுக்கு 20, அவளுக்கு 27. விடியற்காலை நாலு மணிக்கு அவள் அணைக்கிறாள், நாலேகாலுக்கு அவன் போடுகிறான். ஊடலுக்குரிய மருதத்திணைக்குச் சிறுபொழுது வைகறை என்று முன்னோர் வகுத்தது ஏ.சி. வருவதற்கு வெகுகாலம் முன்பே. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை போர்த்துவதை 'ஸ்காண்டிநேவிய முறை' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. நம் ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. போர்வை என்றாலே ஆளுக்கொன்றுதான்.

எல்லாம் முடிந்து பார்த்தால், இரண்டே பேர் கூடிப் பேசி முழுமனதாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. கல்யாணப் போட்டோவை மாட்டுவதில்லை. மூன்றடி அகல லேமினேஷனில் இருவரும் மிரண்டு போய், கழுத்தளவு மாலைக்குள் நிற்கும் படம் அது.

தை மாதம் தலைவியின் அம்மா வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பீரோவைத் தடவிக் கொடுத்தார். "கல்யாணப் போட்டோ எங்கடி?" என்றார். மறுநாள் டிரில் போட ஆள் வந்தார், நாலு ஓட்டை, 300 ரூபாய். படம் இப்போது தலைமாட்டில், நீலச் சுவரின் நட்டநடுவில் தொங்குகிறது. பீரோவும் கட்டிலும் போட்டோவும் போக, எம்.எஸ். புளூ ஓரஞ்சாரத்தில் கொஞ்சம் தெரிகிறது.

அடித்தது போக அரை லிட்டர் பெயின்ட் பரணில் இருக்கிறது. வேண்டுபவர்கள் டப்பாவோடு வரலாம். தலைவி ஆபீஸ் போனபின் வந்தால் நல்லது.