வெறுங்கால் வைத்தியம்

காலையில் புல்தரையில் செருப்பில்லாமல் அரைமணி நேரம் நின்றால், பூமியிலிருந்து எலக்ட்ரான்கள் உள்ளங்கால் வழியாக ஏறிவந்து வலி, வீக்கம், தூக்கமின்மை எல்லாவற்றையும் தணித்துவிடும் என்றொரு வைத்தியம் சில ஆண்டுகளாகப் பூங்காக்களில் நடமாடுகிறது. ரப்பர் செருப்பு வந்த நாளிலிருந்து மனிதன் பூமியோடு மின்னிணைப்பு அறுந்துபோனவன்; சகல வியாதிக்கும் அதுவே மூலம் என்பது இதன் தத்துவம். இதைக் கிளப்பியவர் சித்தர் அல்ல, டாக்டரும் அல்ல. கிளின்ட் ஓபர் என்ற அமெரிக்கர், கேபிள் டிவி தொழிலில் இருந்தவர். கேபிளை எர்த் செய்யாவிட்டால் படத்தில் புள்ளி விழும். மனிதனை எர்த் செய்யாவிட்டால் என்ன விழும் என்று 1998 வாக்கில் யோசித்தார். 2010இல் ஓர் இதயநோய் மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு புத்தகம் போட்டார். எர்த் பாய், எர்த் படுக்கை விரிப்பு, எர்த் தலையணை உறை எல்லாம் சந்தைக்கு வந்துவிட்டன. ஒயரின் ஒரு முனை பாயில் இருக்கும். மறுமுனையைச் சுவரிலுள்ள பிளக் பாயின்டின் மேல்துளையில் செருக வேண்டும். இரண்டு பின் சார்ஜருக்காகப் பேனா முனையால் குத்தித் திறப்போமே, அதே துளை. மண் இலவசமாகக் கிடப்பது எந்த வியாபாரத்துக்கும் பெரிய இடைஞ்சல். பாய் அதைச் சரிசெய்தது.

இதைக் கேலி செய்வது சுலபம். அதைவிட மரியாதையான காரியம், கொள்கையை அப்படியே நம்பி, அது காட்டும் வழியில் கடைசிவரை போய்ப் பார்ப்பது. மருந்தென்றால் அளவு உண்டு. அரைமணி நேரத்துக்கே இவ்வளவு குணம் என்றால் எட்டு மணி நேரம் நிற்பவர் எப்படி இருக்க வேண்டும்? பூமியோடு நல்ல தொடர்புக்கு என்ன வேண்டும் என்பதை எந்த எலெக்ட்ரீஷியனும் சொல்வார்: குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, கோடையில் மறக்காமல் தண்ணீர் ஊற்று. ஈரமும் உப்பும் இருந்தால் போதும், மின்சாரம் தங்குதடையில்லாமல் போகும். அப்படியானால் உலகின் தலைசிறந்த எர்த் சிகிச்சை நிலையம் கலிபோர்னியாவில் இல்லை, தூத்துக்குடியில் இருக்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளையும் அந்த அளங்களில் ஆணும் பெண்ணும் செறிந்த உப்புநீரில் கால் ஊன்றி நின்று உப்பு வாருகிறார்கள். கட்டணம் இல்லை, கூலி வேறு தருகிறார்கள். கொள்கைப்படி அவர்கள் காலில் வீக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. ஆனால் பாதம் வெடித்துப் புண்ணாகிறது, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. அவர்கள் கேட்பதோ கூலி உயர்வு, குடிநீர், கழிப்பறை, பாதுகாப்புக் கருவிகள். கருவிகளில் காலுக்கு பூட்ஸும் உண்டு. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் நோயாளிகள்! நாற்று நடும் பெண்களும் நாள் முழுக்க மண்ணோடுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது சேற்றுப்புண்.

உப்பளத்துக்காரர் ஏழை, வெயிலில் வேகிறார், எலக்ட்ரான் தரும் நன்மையை வறுமை தின்றுவிடுகிறது என்று யாராவது சொல்லலாம். நியாயமான ஆட்சேபம்தான். அதற்காகவே கூரைக்குக் கீழே, ஏசி அறையில், பூமியோடு இணைக்கப்பட்ட மனிதர்கள் வேண்டும். இருக்கிறார்கள். மின்னணுப் பொருள் செய்யும் ஆலைகளில், உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைப் பொசுக்கிவிடக் கூடாது என்று தொழிலாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, ஒரு மெகா ஓம் தடை வைத்த ஒயரால் எர்த்தோடு பிணைத்திருப்பார்கள். ஷிப்ட் முழுக்க அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஷென்ஜென் வரை பல்லாண்டுகளாக நடக்கும் இந்தச் சிகிச்சையால் முதுகுவலி போயிற்று என்று ஒருவரும் ஆலை வாசலில் தேங்காய் உடைக்கவில்லை. பட்டை காப்பாற்றுவது சிப்பைத்தான்.

ஏன் இப்படி என்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பௌதிகமே போதும். வறண்ட குளிர்நாட்டில், கம்பளத்தின் மேல் நடந்து ஒருவர் 10,000 வோல்ட் வரை ஏற்றிக்கொள்கிறார் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அவர் உடம்பில் தேங்கிய மின்னூட்டம் சுமார் ஒரு மைக்ரோ கூலும். மண்ணைத் தொட்டதும் கணத்தில் அது சரியாகிவிடும். இரும்புக் கதவைத் தொட்டாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகு பூமிக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை. இன்னொரு பக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கிறார். அந்த ஆக்சிஜனிடம் உடம்பு ஒப்படைக்கும் எலக்ட்ரான்களைக் கூட்டினால் நொடிக்கு சுமார் 70 கூலும். அதாவது பூமித்தாய் தரும் சீதனம், ஒரு நொடி மூச்சில் உள்ளே கைமாறுவதில் ஏழு கோடியில் ஒரு பங்கு. சென்னை மாதிரி வியர்த்து வழியும் ஊரில் அந்த மின்னூட்டமும் சரியாகச் சேராது.

‘ஆராய்ச்சிக் கட்டுரைகளே வந்திருக்கின்றனவே’ என்பார்கள். வந்திருக்கின்றன. தூக்கத்தையும் கார்டிசால் என்ற ஹார்மோனையும் அளந்த 2004ஆம் ஆண்டு ஆய்வு 12 பேரை வைத்து நடந்தது. ரத்தச் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் விலகி நிற்பதாகச் சொன்ன 2013ஆம் ஆண்டு ஆய்வு 10 பேரை வைத்து. நம் ஊர் ஷேர் ஆட்டோவில் ஏறிவிடக்கூடிய கூட்டம். இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் இருவர், இந்த ஆராய்ச்சிக்குப் பணம் போடும் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள், அதில் சிறு பங்கும் வைத்திருப்பவர்கள் என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. சொன்னவரைக்கும் நாணயம்தான்.

அடுத்த வாதம் முன்னோர். செருப்பில்லாமல் நடந்த அவர்களுக்குத் தெரியாததா என்று கேட்பார்கள். கூண்டில் ஏற்றினால் முன்னோர் எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்கிறார்கள். தவசிகளின் காலில் மரப்பாதக்குறடு. சாப்பிட உட்கார மணை. கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்துக்குச் சொல்லும் ஆசனம் தர்ப்பை, அதன்மேல் தோல், அதன்மேல் துணி என்று மூன்றடுக்கு. காய்ந்து கிடந்தால் மூன்றுமே மின்சாரத்தைக் கடத்தாதவை. இதற்கும் விஞ்ஞான விளக்கம் தயார்: தவத்தில் சேர்ந்த சக்தி பூமிக்குள் இறங்கிவிடாமல் தடுக்கவாம். காலையில் ஒரு மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியில் சக்தி பூமியிலிருந்து ஏறுகிறது. சாயங்காலம் அவரே அனுப்புவதில் பூமிக்குள் இறங்குகிறது. மீட்டர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று முதலில் அவர் முடிவு செய்யட்டும். உண்மையில் இந்த வைத்தியத்தின் பாட்டனார் ஜெர்மானியர்: 1896இல் ஹார்ட்ஸ் மலையில் இயற்கை மருத்துவ நிலையம் தொடங்கி, வெறும் தரையில் படுக்கச் சொன்ன அடால்ஃப் யூஸ்ட். தென்னாப்பிரிக்காவில் அவர் புத்தகத்தைப் படித்த காந்தி, ஈரமண்ணைத் துணியில் பரப்பி அடிவயிற்றில் கட்டிக்கொண்டார்; மலச்சிக்கல் தீர்ந்தது என்று சத்திய சோதனையில் எழுதினார். அதே காந்தி செருப்புத் தைக்கவும் கற்று, தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். 

முன்னோர் எல்லோரும் விரும்பி வெறுங்காலோடு நடக்கவும் இல்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போ என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலித் மக்களைக் கட்டாயப்படுத்தியவர்கள், அவர்களுக்கு எலக்ட்ரான் ஏறட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்யவில்லை. மண்ணிலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறுவது நிச்சயமாக நிரூபணமான பொருளும் ஒன்று உண்டு: கொக்கிப்புழு. 1890களின் கடைசியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பவர் புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தவறிக் கைமேல் சிந்திக்கொண்டார். தோல் அரித்தது, பிறகு அவர் மலத்திலேயே முட்டைகள் தெரிந்தன. அந்த விபத்தில் பங்கேற்றவர் ஒரே ஒருவர் என்றாலும் முடிவு இன்றுவரை நிற்கிறது. 1909 முதல் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும், 1916 முதல் இலங்கையில் நம்மவர் உழைத்த தேயிலைத் தோட்டங்களிலும் ராக்பெல்லர் பணத்தில் இந்தப் புழுவோடு போர் நடந்தது. ஆயுதங்கள் மருந்தும் கழிப்பறையும். கூடவே கொடுத்த அறிவுரை, காலில் எதையாவது போடு.

‘என்ன சொன்னாலும் புல்லில் நடந்தால் சுகமாக இருக்கிறதே’ என்பது கடைசி வாதம். இதற்கு மறுப்பே இல்லை. உள்ளங்காலில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஈரப்புல் அவற்றுக்கு விருந்து. விடிகாலை வெளிச்சம், நடை, செல்போன் இல்லாத அரைமணி நேரம், பேச்சுத்துணைக்கு நாலு பேர் என்று அதோடு வருவதெல்லாம் நல்ல சரக்கு. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர் மட்டும் முள்ளும் கண்ணாடியும் குத்தினால் தெரியாது என்பதால் விலகியிருக்க வேண்டும். மற்றவர்கள் தாராளமாக நடக்கலாம். எலக்ட்ரானுக்குப் போக வேண்டிய கைதட்டல் அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பாய் விவகாரத்தில்தான் எனக்கு ஆசை அதிகம். நம் ஊர் வீடுகள் பலவற்றில் பிளக் பாயின்டின் மேல்துளைக்குப் பின்னால் ஒயரே கிடையாது. இருந்தாலும் அது போய்ச் சேரும் குழியில் பல வருஷமாகத் தண்ணீர் விழுந்திருக்காது. அந்த வீட்டில் பாயை விரித்துப் படுப்பவர் எதனோடும் இணைக்கப்படாமல் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, என்ன சுகம் என்று அண்டை வீட்டுக்கும் சிபாரிசு செய்வார். படுத்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து நடத்திய ஆய்வுகளைவிடச் சுத்தமான பரிசோதனை இது. எர்த் கோளாறாகி அதில் மின்சாரம் கசிந்திருந்தால் மட்டும் பரிசோதனையின் போக்கு மாறும். எனவே பாய் வாங்கியவர்கள் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தத் துளையைச் சோதிக்கச் சொல்வது நல்லது. அவர் ரப்பர் செருப்பைக் கழற்றாமல்தான் உள்ளே வருவார், கழற்றச் சொல்லாதீர்கள்.