மழைக்குப் பட்டா

கோவை மாவட்டத்தில் மழை பெய்தால் அதற்கு வாரிசுகள் அதிகம். வருவாய்த் துறை தாலுகா அலுவலகத்தில் அளக்கும். நீர்வளத் துறை அணைக்கட்டில் அளக்கும். வால்பாறை எஸ்டேட்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்து நோட்டை விடாமல் எழுதி வருகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகம் மாநிலமெங்கும் வட்டாரத்துக்கு ஒன்றாக 385 தானியங்கி நிலையங்களை நட்டது. பிறகு வருவாய்த் துறை தன் பங்குக்கு 1,400 தானியங்கி மழைமானிகளை நட்டது. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளி வீட்டில் ஆளுக்கொரு அறையைப் பூட்டி வைத்திருப்பார்களே, கணக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பூட்டவில்லை, பொதுவில்தான் விடுகிறோம் என்பார்கள். விடுகிறார்கள்தான். அட்டவணையை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கோணலாக ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில். முத்திரை சரியாக மேட்டுப்பாளையத்து மழை மேல் விழுந்திருக்கும். தப்பித் தவறி எக்செல் கோப்பே கிடைத்துவிட்டால், ஊர்ப் பெயரெல்லாம் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அன்னூர் எது, ஆனைமலை எது என்று ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும்.

இதே ஊரில், சரவணம்பட்டி கண்ணாடிக் கட்டடங்களில், அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு விடிய விடிய நிரல் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பேரூரில் பெய்த மழையை ஆராய ஆசைப்பட்டால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். விமானத்தில் அல்ல, இணையத்தில்; அங்குள்ள வானிலை மையம் 1940 முதலான மழையை மணிவாரியாகக் கணித்து உலகத்துக்கே இலவசமாகத் தந்திருக்கிறது. நம் வானிலைத் துறையும் 1901 முதலான தினசரி மழையைக் கட்டம் கட்டமாக இலவசமாகத் தருகிறது, அதற்கு நன்றி. ஆனால் கட்டம் ஒன்று ஏறத்தாழ 27 கிலோமீட்டர். பேரூரும் சரவணம்பட்டியும் ஒரே கட்டத்துக்குள் அடக்கம். இங்கே கொட்டி அங்கே காய்ந்தாலும் ஏட்டில் இரண்டுக்கும் ஒரே மழை.

கணக்கைத் திறந்து வைத்தால் யாராவது பிழை கண்டுபிடித்து மானம் போய்விடும் என்ற பயமோ என்னவோ. 2007-ல் நாசாவின் வெப்பநிலைக் கணக்கில் கனடாக்காரர் ஒருவர் பிழை கண்டுபிடித்தார். நம்மூராக இருந்தால் 'நீ யாரப்பா கேட்க?' என்றிருப்போம். நாசா திருத்தியது, அதே ஆண்டு அந்தக் கணக்கைப் போடும் நிரலையும் பொதுவில் வைத்தது. தன்னார்வலர்கள் கூடி அதைப் பைத்தானில் திருப்பி எழுதினார்கள்; போகிற போக்கில் இன்னும் சில பிழைகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். மானம் போய்விடவில்லை.

பொதுப்பணத்தில் திரட்டிய தரவு பொதுமக்களுக்கே என்று மத்திய அரசு 2012-லேயே கொள்கை வகுத்துவிட்டது. அதுவும் பிடிஎஃப்தான்.

சிரிப்பு இங்கே நின்றுவிடுகிறது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மொட்டையாக நின்றது. ஆயிரம் அடி தாண்டிப் போர் போட்டவனுக்குப் புகைதான் வந்தது. எந்தப் பிர்க்காவில் எத்தனை பருவம் பொய்த்தது, அடுத்த போருக்குக் கடன் வாங்கலாமா என்று அந்த விவசாயி கணக்குப் பார்த்திருக்க முடியுமா? கணக்கு பீரோவில் இருந்தது. அதை எழுதிய சம்பளமும் பூட்டிய பூட்டும் அவன் வரிப்பணம்.

நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மில்லிமீட்டர். நாலே நாலு பத்தி, இயந்திரம் படிக்கிற கோப்பாக, எல்லாத் துறையும் ஒரே இடத்தில் போட்டால் போதும். மீதியை ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கும் கமிட்டி, கருத்துரு, டெண்டர் வேண்டுமென்றால் வையுங்கள். அதுவரைக்கும் அந்த ஸ்கேனிலாவது காகிதத்தை நேராக வையுங்க சாமி, கழுத்து வலிக்குது.