பங்காளிச் சொத்தும் பபூன் காசும்

‘கதைக்காகத்தான் மாமா ஆடுறேன்’னு சொன்ன பாரு மாப்ளே, நான் அப்படியே நம்பிட்டேன். இருபத்தொன்பது வயசு ஆம்பள ராத்திரி ஒரு மணிக்கு மாடிக் கதவைச் சாத்திக்கிட்டு இங்கிலீஷ்ல பத்தி பத்தியாப் படிக்கிறான்னா, அது இலக்கிய ஆர்வம் இல்லாம வேற என்னவா இருக்கும்? உங்க அத்தை கேட்டா. ‘வெளிநாட்டு ஆபீஸ், அவங்களுக்கு இப்பத்தான் விடியுது’ன்னு சொல்லி வச்சிருக்கேன். பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். கவலைப்படாத.

அந்த ‘ட்ரையல்ஸ் இன் டெயின்ட்டட் ஸ்பேஸ்’ விளையாட்டுக்கு மாசாமாசம் டாலர்ல காசு கட்டலாமான்னுதானே கேட்ட? சொல்றேன். ஒரே நிபந்தனை, ‘மாமா, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்’னு குறுக்க கேக்கக் கூடாது.

கதை நல்ல கதைதான், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். விக்டர் ஸ்டீல்னு ஒரு கோடீஸ்வர அப்பன் செத்துப்போறான். சொத்தைப் பிள்ளை பேருக்கு நேரா எழுதி வச்சுட்டுப் போனானா? இல்ல. புதுசா வழி திறந்த கிரகங்கள்ல ஆளுக்குத் தெரியாம ‘ப்ரோப்’னு கருவிகளைப் போட்டு வச்சிருக்கான். நீ போய்த் தொடணும். உன் மரபணுவைப் பாத்துத்தான் அது திறக்கும், திறந்தா அடுத்தது எங்க இருக்குன்னு சொல்லும். பின்னாலயே பங்காளி ஒருத்தன் அதே சொத்துக்கு மோப்பம் பிடிச்சுக்கிட்டு வர்றான். பங்காளிச் சண்டையை நம்மளவிட நல்லா வெள்ளைக்காரன் எழுதிட்டானேன்னு எனக்கே கொஞ்சம் பொறாமை.

படம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஓரத்துல மார்பளவுக்கு ஒரு ஓவியம் வந்தா உண்டு, மத்ததெல்லாம் எழுத்து. ‘நீ நடக்குற, நீ திரும்பிப் பாக்குற’ன்னு உன்னையே முன்னிலையில வச்சுச் சொல்லிக்கிட்டுப் போகும். கடத்தல்காரன், கூலிப்படை, டெக் ஸ்பெஷலிஸ்ட்னு மூணு தொழில்ல ஒண்ணை எடுத்துக்கிட்டு, அப்பன் ஓட்டுன பழைய காஸ்டெக் இசட்-14 கப்பல்ல ஏறிட்டா மென்கா கிரகத்துல காடு, டார்க்கஸ்ல மலைமலையாப் பழைய இரும்பு, மைரெல்லியன்ல எறும்பு மாதிரி ரெண்டு சாதி சண்டை போட்டு ஓஞ்சு, போர்நிறுத்தம்னு பேருக்கு உக்காந்திருக்கும்.

டார்க்கஸ் இருக்கு பாரு, அங்கதான் இந்த ஆளுங்க கெட்டிக்காரங்கன்னு எனக்குப் புரிஞ்சது. கேப்டன் கோர்கன்னு ஒரு கொள்ளைக்காரி, கிரகத்தையே உடைக்கக் குண்டு வச்சிருப்பா. அதை நீ தடுக்கலைன்னா நிஜமாவே கிரகம் போயிரும். ‘ஆட்டம் முடிஞ்சது, திரும்ப ஆடு’ன்னு கெஞ்சாது. கதை மேல போகும், ஆனா டார்க்கஸ்னு ஒரு இடம் வரைபடத்துல இருக்காது. கோடி கோடியாக் கொட்டி எடுத்த பெரிய விளையாட்டெல்லாம் இந்தத் துணிச்சலுக்கு யோசிக்கும். எழுத்து மட்டும் வச்சிருக்கிறவனுக்குக் கிரகத்தை அழிக்க ஒரு வரி போதும், பாத்துக்க. சின்னக் கடையோட பலமே அதுதான்.

இனிமே குறையைக் கேளு. நீயே மனசுக்குள்ள ஒரு பட்டியல் வச்சிருப்ப, ஆனா வெக்கத்துல சொல்ல மாட்ட.

முதல்ல சண்டை. உயிர், ஷீல்டு, தெம்பு, இதுகளோட ‘லஸ்ட்’னு ஒரு காமப் பட்டை. அது நூறு தொட்டா நீ தோத்த. எதிராளிக்கு நூறு ஏத்திட்டா நீ ஜெயிச்ச. துப்பாக்கியை இடுப்புல வச்சுக்கிட்டு இடுப்பை ஆட்டியே ஒருத்தனைச் சாய்க்கிறது முதல் தடவை சிரிப்பா இருக்கும். இருபதாவது தடவை அதே கட்டத்துல அதே பூச்சி மனுசன் அதே வசனத்தோட குதிச்சா, உன் விரல் தானாப் பொத்தானை அமுக்கிக்கிட்டுப் போகும், கண்ணு படிக்காது. படிக்கிறதுக்குன்னு செஞ்ச விளையாட்டைப் படிக்காம ஆட வைக்கிறது பெரிய குத்தம்.

அப்புறம் அந்த ‘அப்பியரன்ஸ்’ பொத்தான். அமுக்கிட்டுக் காபி போட்டுக் குடிச்சுட்டு வரலாம். தலைமுடில ஆரம்பிச்சுக் காது, தோலு, வாலுன்னு இறங்கி, எங்கெங்க எத்தனை அங்குலம்னு தச்சன் கணக்கா எழுதியிருப்பான். கண்டதைத் தின்னு உடம்பு மாறுற ஆட்டம் வேறயா, வாரத்துக்கு ஒரு உருவம். எனக்கு வந்த... ம், ஒருத்தருக்கு வந்த வாலை எப்படி எடுக்கிறதுன்னு தெரியாம ரெண்டு நாள் அலைஞ்சதாச் சொன்னாரு.

விளையாட்டு இல்லாமலும் ஒண்ணு சொல்றேன். சண்டையில தோத்தா வர்ற காட்சிங்க எல்லாம் உன் சம்மதத்தைக் கேட்டுக்கிட்டு வராது. எழுதினவன் திறமையா எழுதியிருக்கலாம், எனக்குப் பிடிக்கல. பிடிக்கலைன்னா தாண்டிப் போ. ‘எல்லாரும் ஆடுறாங்க’ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிக்க வேண்டியதில்ல.

எழுதுறவங்களும் ஒரு கை இல்ல, பல கை. ஒருத்தன் எழுதுன பொம்பளைக்கு வாயைத் திறந்தா குசும்பு, மனசுல ஒரு பழைய காயம். அடுத்தவன் எழுதுன ஆளுக்கு உடம்பு மட்டும் இருக்கும், உள்ள ஆளே இருக்காது. ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நிப்பாங்க.

ஆனா உன் வயித்தெரிச்சல் இது எதுவும் இல்ல, கதை ஏன் முடியலைங்கிறதுதான். பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, கடைசி ப்ரோப் கையில வரல. பதிப்பு எண்ணு 0.9-லயே நிக்குது. அதுக்குப் பின்னாடி இன்னொரு புள்ளி வச்சு எண்ணிக்கிட்டே போறாங்க, 1-ன்னு சொல்ல மட்டும் வாய் வரல. ஒரு நியாயமும் இருக்கு. முதல்ல இதை ஃப்ளாஷ்ல கட்டியிருந்தாங்க. 2020 டிசம்பர் 31-ஓட அடோபிக்காரன் அதைக் கைகழுவிட்டான். மொத்தத்தையும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. அந்த உழைப்பு ஆடுறவன் கண்ணுக்குத் தெரியாது.

அதை விடு, அசல் காரணத்துக்கு வா. நம்ம பக்கம் ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுறப்ப என்ன நடக்கும்? நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணணும், முருகன் வரணும். ஆனா பபூனும் டான்ஸ்காரம்மாவும் மேடையை விட்டு இறங்க மாட்டாங்க. முன்னால உக்காந்திருக்கிறவன் ரூபாய் நோட்டைக் குத்திக்கிட்டே இருக்கான், மைக்ல அவன் பேரைச் சொல்லணும், சொன்னதைக் கேட்டுப் பக்கத்துத் தெருக்காரனும் குத்துறான். முருகன் வேசம் கட்டி உள்ள கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பாரு. மாலை மாத்துறதுக்குள்ள விடிஞ்சிரும். ஃபெனாக்ஸோங்கிற பேர்ல இதை நடத்துறவருக்கும் வருமானம் பெரும்பாலும் பேட்ரியான்ங்கிற தளத்துல ஆடுறவங்க மாசாமாசம் கட்டுற காசுதான். காசு கட்டுறவன் ‘அந்தப் புது ஆளு கூட இன்னொரு காட்சி வேணும்’னு கேப்பானா, ‘வாரிசு வழக்கைச் சீக்கிரம் முடிங்க’ன்னு கேப்பானா? நீயே நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. முடிச்சுட்டா அடுத்த மாசம் எதுக்குக் கட்டுவான்? அதனால சந்துபொந்தெல்லாம் அலங்காரமா இருக்கு, மெயின் ரோடு மட்டும் பாதியில நிக்குது. ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன். குத்துன நோட்டுக்குத் தக்க நாடகம்.

ஆகவே கட்டலாமாங்கிற கேள்விக்கு வர்றேன். காசு கட்டுனவனுக்குப் புதுப் பதிப்பு முந்தி வரும், மத்தவங்களுக்குக் கொஞ்சம் பிந்தி, ஓசியில. முதல்ல அந்த ஓசியை ஆடு. இன்னைக்கு இருக்கிற கிரகங்களுக்கே இது பெறும்னு தோணுச்சுன்னா ஒரு மாசம் கட்டு, எழுதுறவனுக்கும் வயிறு இருக்கு. ‘என் காசுல முடிவு வந்துரும்’னு நினைச்சுக் கட்டாத. இந்த மாதிரி விளையாட்டுங்களுக்குக் கடை வாசலும் நிரந்தரம் கிடையாது. 2025 ஜூலையில பணம் கைமாத்துற கம்பெனிங்க நெருக்குனதுல ஸ்டீம்ல சிலதைத் தூக்கிட்டான், இட்ச் கடைக்காரன் வயசு வந்தவங்க விளையாட்டையெல்லாம் தேடுனா கிடைக்காதபடி மறைச்சு வச்சான். அதனால பிடிச்சதை உன் மிஷின்லயே இறக்கி வச்சுக்க. காசு கட்டுனா, கட்டி முடிச்சதும் அட்டை விவரத்தை மறக்காம எடுத்துரு. மாசக் கடைசியில பேங்க் எஸ்எம்எஸ் உங்க அத்தை போனுக்குத்தான் வருது, ஞாபகம் இருக்கட்டும்.

டார்க்கஸ்ல சண்டைக்குப் போறதுக்கு முந்தி தனியா ஒரு சேவ் போட்டுக்க. தோக்குறதுல சிலது அப்படியே ஆட்டத்தை முடிச்சு வச்சிரும். போடுறப்ப மூணாவது இடத்துல கையை வைக்காத மாப்ளே. அதுல இருக்கிற டெக் ஸ்பெஷலிஸ்ட் மைரெல்லியன் வரைக்கும் வந்தாச்சு, வாலை எடுக்கவே படாத பாடு பட்டிருக்கு.