கல்லறையை ஏன் வரைந்தார்?

கேள்வி: இயற்கையை வரைந்த ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் அடிக்கடி கல்லறைக்குப் போய்விடுகிறாரே, ஏன்?

பதில்: மரணம் அவரைத் தேடி முதலில் வந்துவிட்டது! 1787இல் தம்பி நீரில் மூழ்கி இறந்தபோது அவருக்கு வயது 13. கல்லறையை மக்கள் பார்க்கும் விதமும் மாறிக்கொண்டிருந்தது. பாரிஸ் நடுவே நாறிக்கொண்டிருந்த இன்னொசன்ட்ஸ் இடுகாட்டை 1780இல் மூடினார்கள். 1804இல் மரமும் மேடுமாகப் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம் திறந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள் காற்று வாங்க வந்தார்கள்!

ஃப்ரீட்ரிஷ் 1810இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் மொட்டை ஓக் மரங்கள், இடிந்த மடாலயம், சவப்பெட்டி சுமக்கும் துறவிகள். கீழே இருட்டு, மேலே வெளிச்சம். நரகத்தைக் காட்டி மிரட்டும் பழைய படங்களைவிட இது எவ்வளவோ மேல். நிம்மதியாக அழவாவது விடுகிறது. அதே ஆண்டு அரசி லூயிசாவைப் பறிகொடுத்த பிரஷ்ய மன்னர்தான் அதை வாங்கினார்.