சிவப்பின் சாட்சியம் செல்லாது: தும்பி கேள்வி-பதில்

கேள்வி: கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில், அறப்பளீசுவரர் கோயிலருகே ஐயாற்றங்கரையில் பறக்கும் சிவப்புத் தட்டான்கள் எல்லாம் ஒரே இனம்தானே?

பதில்: செவ்வாடை உடுத்தியோர் அனைவரும் மேல்மருவத்தூர் செல்வோரே என்று கொள்வது போன்ற முடிவு இது. தென்னிந்திய ஓடைகளில் பரவலாகக் காணப்படும் 'டிரிதெமிஸ் அரோரா' இனத்தின் ஆணுக்கு ஊதாச் சாயல் படிந்த செந்நிற உடல், சிறகின் அடியில் அகன்ற தேன்நிறத் திட்டு, கறுத்த கால்கள் ஆகியவற்றோடு, சிறகின் மெல்லிய சவ்வைத் தாங்கும் குழல்களாகிய நரம்புகளும் சிவந்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் வேடமிட்டு ஏமாற்றுபவை எவை?

பதில்: வேடம் எதுவும் இல்லை, ஏமாறுவது பார்ப்பவரின் அவசரமே. வயல்களிலும் குளங்களிலும் மிகுந்து காணப்படும் 'குரோகோதெமிஸ் செர்விலியா' ஆணின் வயிற்று முதுகில் மெல்லிய கருங்கோடு நீளவாக்கில் ஓடும். அதன் கால்கள் கறுத்தவை அல்ல. 'ஆர்தெட்ரம் புரூயினோசம்' ஆணுக்கோ வயிறு மட்டுமே சிவப்பு. சிறகுகளும் கால்களும் பொருந்தியுள்ள மார்புப் பகுதி மங்கிய நீலப்பழுப்பாக இருப்பதால், பாதி உடலைப் பார்த்துத் தீர்ப்பு வழங்குவோர் இதனிடம் தோற்பர்.

கேள்வி: அரோராவின் பெண்ணும் சிவப்பா?

பதில்: இல்லை. அதன் மார்பு கரும்பட்டைகளோடு கூடிய ஆலிவ் பழுப்பாகவும், வயிறு கறுப்புக் குறிகள் கொண்ட செம்பழுப்பாகவும் இருக்கும். முதிர்ச்சியடையாத ஆணும் ஏறத்தாழ இதே தோற்றத்தில் திரிவதால், பக்கவாட்டில் படமெடுத்து, வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடியில் புடைத்திருக்கும் துணைப் புணர்ச்சி உறுப்பு உண்டா என்று நோக்குதல் வேண்டும். அது ஆண்களுக்கே உரியது.

கேள்வி: கேமராவோடு துரத்தினால் பறந்துவிடுகிறதே, என்ன செய்வது?

பதில்: துரத்துவதை நிறுத்துவதே வழி. முதிர்ந்த ஆண் தனக்கென ஓர் எல்லை வகுத்து, பறந்து சுற்றியபின் பெரும்பாலும் பழைய குச்சிக்கே திரும்புவதால், ஓடுபவருக்கு வியர்வையும் நிற்பவருக்குப் படமும் கிடைக்கும். உச்சிவெயிலில் அது வயிற்றை வானை நோக்கி நிமிர்த்துவது படத்துக்காக அன்று. உடலில் படும் வெயிலைக் குறைக்கவே.

கேள்வி: நூல் வல்லுநர்கள் எதை நம்புகின்றனர்?

பதில்: எஃப். சி. ஃபிரேசர் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தும்பிகள் பற்றிய நூலில், பேரினங்களைப் பிரிக்கும் குறிப்புகள் பெரிதும் சிறகு நரம்பமைப்பையே சார்ந்துள்ளன. நிறம் வயதோடு மாறும். நரம்பின் பின்னலோ தும்பி இறக்கும்வரை மாறாது.